ஐந்து கோல் வாங்கிய அணி



2010 டிசம்பர் முதல் வாரம், பினாங்கிலிருந்து என் தாய்மாமா தொலைபேசியில் பேசினார். எப்போதும் உடல்நலம் விசாரித்துத் தொடங்குபவர், அன்று கால்பந்தில் தொடங்கினார். தென்கிழக்காசியக் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே, ஜகார்த்தாவில், இந்தோனேசியாவிடம் மலேசியா 1–5 என்று தோற்றிருந்தது. “பயிற்சியாளர் நம்ம தமிழர்தான், மாப்ளே. என்ன பாடுபடப் போறாரோ!” என்று வருந்தினார்.

அவர் குறிப்பிட்டவர் கே. ராஜகோபால். 1956-இல் பிறந்த மலேசியத் தமிழர். சிலாங்கூர், கோலாலம்பூர் அணிகளுக்கும் நாட்டிற்கும் முன்கள வீரராக ஆடியவர். 2009-இல் தேசிய அணியின் பொறுப்பை ஏற்று, அவ்வாண்டு இறுதியிலேயே வியந்தியானில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் பெற்றுத் தந்தார். 1989-க்குப் பிறகு, அதாவது இருபது ஆண்டுகள் கழித்து, மலேசியாவுக்குக் கிடைத்த கால்பந்துத் தங்கம் அது.

முன்கள வீரனின் வெற்றி அவன் காலில் இருக்கிறது. பயிற்சியாளரோ கோட்டுக்கு வெளியே நிற்பவர். எவ்வளவு நன்றாக ஆடத் தெரிந்தாலும் உள்ளே இறங்கிப் பந்தை உதைக்க முடியாது. பிறர் கால்களை நம்பியே அவர் நின்றாக வேண்டும்.

இது எனக்கு நன்கு புரிந்த துன்பம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருந்து, அப்போதுதான் மேற்பார்வையாளராக உயர்ந்திருந்தேன். அதே வாரத்தில், ஷிப்மென்டுக்கு முந்தைய இரவு, ஒரு இளைஞன் கைப்பகுதியை மாற்றித் தைத்துவிட்டான். செக்கிங்கில் சில டஜன் பீஸ்கள் திரும்பி வந்தன. அனைவர் முன்னிலையிலும் அவனை ஏசினேன். அவனை எழுப்பிவிட்டு, அவன் மெஷினில் நானே அமர்ந்து தைத்தேன். சரக்கு நேரத்திற்குப் போனது. மறுநாள் அவன் வேலைக்கு வரவில்லை. அதை நான் பொருட்படுத்தவும் இல்லை.

மலேசிய அணியோ தொடர்ந்து ஆடியது. தாய்லாந்துடன் சமநிலை, லாவோசை 5–1 என வெற்றி. அரையிறுதியில், நடப்பு வாகையரான வியட்நாமை வென்றது. இறுதியில் எதிரே நின்றது அதே இந்தோனேசியா. டிசம்பர் 26, புக்கிட் ஜாலில் அரங்கில் 3–0. சஃபி சாலி இரண்டு கோல்களும், அஷாரி சம்சுதீன் ஒரு கோலும் அடித்தனர். டிசம்பர் 29, ஐந்து கோல் வாங்கிய அதே ஜகார்த்தா மைதானத்தில், 21 வயதுக் கோல்காவலர் கைருல் ஃபஹ்மி பெனால்டியைத் தடுத்தார். அந்த ஆட்டத்தில் 1–2 என்று தோற்றபோதிலும், மொத்தத்தில் 4–2 என்று கோப்பை மலேசியாவுக்கு வந்தது. அந்தத் தொடரை அவர்கள் வென்றது அதுவே முதல்முறை.

அன்றிரவு மாமா மீண்டும் அழைத்தார். மகிழ்ச்சியில் அவருக்குக் குரல் தழுதழுத்தது. எனக்கோ அந்த இளைஞனின் முகம் நினைவுக்கு வந்தது.

உஹதுப் போரை எண்ணிப் பார்த்தேன். குன்றை விட்டு இறங்க வேண்டாம் என்று பணிக்கப்பட்ட வில்லாளிகளில் பலர் இறங்கிவிட்டார்கள். வெற்றி கைநழுவியது. நபி (ஸல்) அவர்களே காயமுற்றார்கள். அதன் பின்னர் அருளப்பட்ட ஆலஇம்ரான் அத்தியாயத்தின் வசனம் அவர்களை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. மென்மையாக நடக்கவும், மன்னிக்கவும், அவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடவும், காரியங்களில் அவர்களுடனேயே கலந்தாலோசிக்கவும் வழிகாட்டியது. தவறு செய்தவரை மன்னிப்பதோடு நில்லாமல், அவரிடமே ஆலோசனையும் கேட்பது எத்துணை உயர்ந்த பண்பு! அந்த வசனத்தைப் பலமுறை ஓதியிருக்கிறேன். மெஷின் வரிசைக்கு நடுவில் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் ஃபஜ்ர் தொழுதுவிட்டு அவன் வீட்டுக்குச் சென்றேன். “தப்பு என் மேலயும் இருக்குப்பா. கட்டு பிரிச்சுக் கொடுத்ததை நான் ஒரு தடவை பார்த்திருக்கணும்” என்றேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “கட்டுல இடது வலதுன்னு எழுதி வச்சா மாறாதுண்ணா” என்றான். இன்றுவரை எங்கள் வரிசையில் அப்படியே எழுதி வைக்கிறோம்.

ராஜகோபால் 2012 தொடரின் அரையிறுதியில் தாய்லாந்திடம் தோற்றார்; 2013-இல் பொறுப்பிலிருந்து விலகினார். வெற்றியும் பதவியும் எவரிடமும் நிலைப்பதில்லை. பொறுப்பில் இருக்கும் காலத்தில் நமக்குக் கீழ் இருப்பவர்களை எப்படி நடத்தினோம் என்பதே நாளை விசாரிக்கப்படும். வல்ல அல்லாஹ் நம் நாவுகளையும் உள்ளங்களையும் மென்மையாக்குவானாக. ஆமீன்.