அம்பு பட்ட பிறகு அரை மணி நேரம்



மகள் வீட்டுக்கு நியூசிலாந்து வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. "டீச்சர், போட்டோ போடுங்க" என்று கேட்டவர்களுக்காகக் கிறைஸ்ட்சர்ச் ஊர்ப் பூங்கா, ஏரி, செம்மறி மந்தை எல்லாம் போட்டாயிற்று. ஒன்றை மட்டும் போடவில்லை. அதைப் போட்டோவாகப் போட மனம் வரவில்லை, எழுதிவிடுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். வேட்டை என்றாலே பிடிக்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என் பேரனுக்கு இருபது வயது. கல்லூரியில் படிக்கிறான். மூன்று வருடமாக வில்வித்தை பழகுகிறான் என்று மகள் போனில் சொன்னபோது, ஏதோ விளையாட்டு மைதானத்தில் வட்டப் பலகையைக் குறிபார்க்கிறான் என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது, பக்கத்து வீட்டுப் பெரியவரோடு மலைக்கு ஷாமி வேட்டைக்குப் போகிறான் என்று.

ஷாமி என்பது ஆடா மானா என்று முதலில் எனக்கும் குழப்பம். ஆட்டுக்குடும்பம்தான், ஆனால் பார்வைக்கு மான் மாதிரி. ஆங்கிலத்தில் இரண்டு பெயரையும் சேர்த்துத்தான் இந்த வகையைச் சொல்கிறார்கள். பரீட்சையில் எதை எழுதியிருந்தாலும் அரை மார்க் போட்டிருப்பேன். முகம் வெள்ளை, கண் வழியாக ஒரு கறுப்புப் பட்டை, கொக்கி போலப் பின்னால் வளைந்த சின்னக் கொம்பு, ஆண் பெண் இரண்டுக்குமே. கார் துடைக்க "ஷாமி துணி" என்று கடையில் கேட்கிறோமே, அந்தப் பெயர் இதன் தோலிலிருந்து வந்ததுதான்.

இது இந்த ஊர் விலங்கே இல்லை. நியூசிலாந்தில் மனிதன் கொண்டுவருவதற்கு முன் தரையில் வாழும் பாலூட்டி என்றால் வௌவால் மட்டும்தான். 1904இல் இமயமலை வரையாட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். 1907இல் ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் பரிசாக அனுப்பிய ஷாமிகளை மவுண்ட் குக் பக்கம் விட்டார்கள். மேயும் விலங்கையே அறியாத மலைச்செடிகளுக்கு இரண்டும் எமனாகிவிட்டன. அதனால் அரசே இவற்றைக் குறைக்கப் பார்க்கிறது. வேட்டைக்கு அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும், பணம் கிடையாது. நம் ஊரில் வரையாடு மாநில விலங்கு, தொட்டால் ஜெயில். அதன் தூரத்து உறவு இங்கே களை மாதிரி. குட்டிப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: 1972ஆம் வருட வன உயிரினச் சட்டம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. எதையும் இங்கே பார்த்து அங்கே செய்ய வேண்டாம்.

மே மாதம் இங்கே குளிர் தொடங்கும் காலம், ஷாமிக்கு இணைசேரும் பருவம். "அம்மாயி, நீங்களும் வாங்க. நீங்க ஏற வேண்டாம், ஆத்தோரம் குடில்ல இருந்து பாருங்க" என்றான் பேரன். மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லை, அறுபத்தெட்டு வயதில் எதற்கு என்றார். நான் கிளம்பிவிட்டேன். பையன் என்னதான் செய்கிறான் என்று கண்ணால் பார்த்துவிட்டால் திட்டுவதற்காவது வசதியாக இருக்கும் என்று எண்ணம்.

ஆர்தர்ஸ் பாஸ் போகும் மலைச்சாலையில் காரை விட்டுவிட்டு, ஆற்றுப்படுகையில் முக்கால் மணி நேரம் கூழாங்கல்லில் நடந்தோம். இங்கத்திய ஆறு நம் காவிரி மாதிரி ஒரே ஓட்டமாக ஓடாது. பின்னலைப் பிரித்துப் போட்ட மாதிரி பத்து இழையாக ஓடும். எதிரே மலை, செங்குத்து. கீழே புதர், நடுவில் பழுப்புப் புல், மேலே சரளைக்கல் சரிவு, அதற்கும் மேலே பனி. குடிலின் வாசலில் மூன்றுகால் தாங்கியில் தொலைநோக்கியை வைத்து, எனக்கு ஒரு நாற்காலியும் போட்டுக் கொடுத்தான்.

முதல் நாள் இரவு வில்லைக் காட்டினான். இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த வில். அறுபது பவுண்டு இழுவை. நானும் இழுத்துப் பார்த்தேன், நாண் அரை அங்குலம்கூட அசையவில்லை. முழுக்க இழுத்துவிட்டால் சக்கரம் சுமையை வாங்கிக்கொள்ளும், கையில் பன்னிரண்டு பவுண்டு அளவுதான் நிற்குமாம். அவ்வளவு வசதி இருந்தும் முப்பது நாற்பது மீட்டருக்குள் போகாமல் எய்ய மாட்டார்கள். துப்பாக்கிக்காரன் முந்நூறு மீட்டரிலிருந்து வேலையை முடித்துவிடுவான். வில்லுக்காரன் அந்த விலங்கு மூச்சு விடுவது தெரியும் தூரத்துக்குப் போயாக வேண்டும், அதுவும் காலடி வைத்தால் கல் உருளும் மலையில்.

பெரியவர் காற்றைப் பற்றித்தான் அதிகம் பேசினார். விடியும் முன் குளிர்ந்த காற்று மலையிலிருந்து கீழே இறங்கும். வெயில் பட்டுச் சரிவு சூடானதும் காற்று திரும்பி மேலே ஏறும். அதனால் இருட்டிலேயே பக்கத்து முகட்டின் வழியாக ஏறி, விலங்குக்கு மேலே போய் உட்கார்ந்துவிட வேண்டும். வெயில் வந்ததும் நம் வாடை அதற்குப் போகாது. ஷாமி ஆபத்து கீழேயிருந்துதான் வரும் என்று கீழேயே பார்த்துக்கொண்டிருக்குமாம். காற்றைப் பார்க்க அவரிடம் ஒரு சின்னப் புட்டி, அமுக்கினால் மாவு மாதிரித் தூள் பறக்கும். அந்தப் புட்டியைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல் இருந்தது. காரணம் அப்போது பிடிபடவில்லை.

மறுநாள் ஏழரை மணிக்கு மேல்தான் விடிந்தது. இங்கே வெயில் வடக்குப் பார்த்த சரிவில்தான் விழும். பாறைத் திட்டு ஒன்றில் ஒரு கிடா நின்றது. அதற்கு மேலே, ஒரு மடிப்புக்குப் பின்னால், இரண்டு பேர் தவழ்ந்து வருகிறார்கள். அவர்களுக்கு அது தெரியவில்லை, அதற்கு அவர்கள் தெரியவில்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு எல்லாம் தெரிந்தது. இரண்டு மணி நேரம் அப்படியே போனது. கால் மரத்துவிட்டது. பேரன் எழுந்தான், வில்லை முழுக்க இழுத்தான், நின்றான். பிறகு மெல்ல நாணைத் தளர்த்திவிட்டான். கிடா நடந்து போய்விட்டது.

"அப்பாடா" என்று இருந்தது எனக்கு. உள்ளதைச் சொல்கிறேன், அடுத்த நிமிடமே ஏமாற்றமாகவும் இருந்தது. இரண்டு மணி நேரம் வேட்டைக்காரன் கண்ணால் பார்த்ததில் நானும் வேட்டைக்காரியாகிவிட்டேன் போலிருக்கிறது.

இரவு கேட்டேன். "அதுக்குக் கீழ செங்குத்துப் பாறை, அம்மாயி. அம்பு பட்டு உருண்டிருந்தா யாராலயும் எடுத்திருக்க முடியாது. எடுக்க முடியாததை அடிக்கக் கூடாது." பிறகு, தூரம் காட்டும் கருவி சொன்ன கணக்கைச் சொன்னான். சரிவாக அளந்தால் முப்பத்தைந்து மீட்டர். ஆனால் எய்ய வேண்டியது இருபத்தெட்டு மீட்டருக்கு. நான் தாள் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கர்ணம் 35, உயரம் 21, அடிப்பக்கம் 28. மூன்று, நான்கு, ஐந்தை ஏழால் பெருக்கினால் வந்துவிடுகிறது! கிடைத்தளத் தூரத்துக்குத் தக்கபடிதான் அம்பு தாழும். சாய்வுத் தூரத்தை நம்பி எய்தால் அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். பிதாகரஸ் தேற்றத்தால் என்ன பிரயோஜனம் என்று கேட்ட பிள்ளைகளுக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது.

இரண்டாம் நாள் வேறு கிடா, வேறு சரிவு. கீழே பாறை இல்லை, புல்தான். இந்த முறை அவன் தளர்த்தவில்லை. அம்பு என் கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தமும் வரவில்லை. கிடா ஒரு துள்ளுத் துள்ளி, குறுக்கே அறுபது எழுபது அடி ஓடி, ஒரு மேட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றது. சுற்றிப் பார்த்தது. முன்னங்காலை மடித்து, வீட்டு ஆடு படுப்பது போலவே படுத்தது. தலை கொஞ்ச நேரம் நிமிர்ந்திருந்தது. பிறகு அதுவும் சாய்ந்தது. ஒரு நிமிடம்கூட இருக்காது. ஆனால் அந்த நிமிடத்தை நான் முழுக்கப் பார்த்தேன்.

அந்த மேடு மறைத்ததால் மேலே இருந்த இருவருக்கும் எதுவும் தெரியாது. அவர்கள் பின்னால் ஓடவில்லை. உட்கார்ந்துவிட்டார்கள். பெரியவர் தெர்மாஸை எடுத்து டீ ஊற்றுகிறார்! எனக்குப் பதறியது. இங்கே விழுந்து கிடக்கிறது, ஓடி வாருங்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. குரல் போகாது, போனில் சிக்னலும் கிடையாது. அரை மணி நேரம் அப்படியே இருந்தார்கள். அம்பு அதிர்ச்சியால் கொல்வதில்லை, இரத்தம் வடிந்துதான் கொல்கிறது. உடனே துரத்தினால் காயம்பட்டது மிரண்டு எட்டாத பாறைக்கு ஏறிவிடும், அங்கே கிடந்து சாகும். உட்கார்ந்திருந்தால் அது பக்கத்திலேயே படுத்துவிடும். இதை யாரும் எனக்கு விளக்கவில்லை. எனக்கு முன்பே தெரிந்திருந்தது. எப்படித் தெரியும் என்று யோசித்தபோதுதான் அந்தப் புட்டியும் ஞாபகத்துக்கு வந்தது.

1983 முதல் 1986 வரை கொல்லிமலையில் வேலை பார்த்தேன். அப்போது அது சேலம் மாவட்டம். பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, காத்திருந்து கிடைத்த முதல் வேலை. மூன்று வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறிய மலை. ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன். பெயர் சொல்ல மாட்டேன், அந்த வருடத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டான். வரும்போது சட்டைப்பையில் இலவம்பஞ்சு வைத்திருப்பான். எதற்கடா என்றால், "காத்து பாக்க, டீச்சர்" என்பான். ஒரு துளி பிய்த்து விட்டுக் காட்டுவான். ஒருமுறை, "பன்னிக்கு அம்பு பட்டா பின்னால ஓடக் கூடாது டீச்சர். அப்பா வெத்தல போட்டுக்கிட்டு உக்காந்துக்குவாரு. வெத்தல தீந்தாதான் எந்திரிக்கணும்" என்றான். வாய்ப்பாட்டைச் சொல்லு என்றேன் நான்.

அந்த மலை ஓரியின் மலை என்பது உங்களுக்குத் தெரியும். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்ததைப் புறநானூறு சொல்கிறது. ஒருநாள் அந்தக் கதையைப் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கும்படி சொன்னேன். மறுநாள் அந்தப் பையன் வீட்டிலிருந்து மூங்கில் வில்லை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான், எனக்குக் காட்ட. அந்த வாரம் மேலதிகாரி பார்வைக்கு வருவதாக இருந்தது. நான் புதிது, பயம். "படிக்கிற பிள்ளைக்கு இது எதுக்கு? காட்டுமிராண்டியாவே இருக்கப் போறியா?" என்றேன். வில்லைப் பிடுங்கி முழங்காலில் வைத்து அமுக்கினேன். ஒடியவில்லை. தரையில் போட்டு மிதித்து ஒடித்தேன். வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் அழவில்லை. துண்டுகளை எடுத்துக்கொண்டு போனவன், அப்புறம் பள்ளிக்கு வரவே இல்லை. வருகைப் பதிவேட்டில் இரண்டு மாதம் "வ.இ." போட்டேன், பிறகு பெயரை நீக்கினேன். வீட்டுக்குப் போய் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.

சட்டம் இருக்கிறது, வேட்டையை நான் ஆதரித்திருக்க முடியாது. அது வேறு. அவனை உட்கார வைத்து அதைச் சொல்லியிருக்கலாம், காற்று எந்த நேரத்தில் எந்தப் பக்கம் போகும் என்று வகுப்புக்குச் சொல்லித்தரவும் விட்டிருக்கலாம். இங்கே என் பேரன் அதே வித்தையைப் பணம் கட்டிக் கற்றுக்கொள்கிறான். கிடாவோடு எடுத்த போட்டோவுக்கு அவன் சிநேகிதர்கள் கைதட்டல் படம் போடுகிறார்கள். நானும்தான் அவன் முதுகைத் தட்டினேன்.

பின்கால்களையும் முதுகுக்கறியையும் முதுகுப்பையில் கட்டிக்கொண்டு அவர்கள் இறங்கி வர நான்கு மணி நேரம் ஆனது. வீட்டுக்கு வந்து மிளகு போட்டு வறுத்தேன். நான் சாப்பிட்டேனா என்று கேட்பீர்கள். சாப்பிட்டேன். பெரியவர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, தண்ணீரும் மூன்று டம்ளர் குடித்தார்.

ஜூலை கடைசியில் ஊர் திரும்புகிறேன். ஆடி பதினெட்டுக்கு ஓரி விழா நடக்கும்போது மலைக்கு வருவதாக இருக்கிறேன். அந்த வருடத்து மாணவர்கள் யாருக்காவது அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் — இப்போது ஐம்பதைத் தாண்டியிருப்பான், அவர் என்றே சொல்ல வேண்டும் — இங்கே கமெண்டில் பெயரோ ஊரோ போட வேண்டாம். முதலில் அவரிடம் கேளுங்கள், டீச்சர் வந்தால் பார்ப்பாரா என்று. சரி என்றால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். வேண்டாம் என்று சொன்னால், அதையும் அப்படியே எழுதி அனுப்புங்கள்.