கொல்லைக் கதவு

அம்மா ஊரில் தனியாக இருக்கிறாள் என்ற குற்றவுணர்வுதான் அண்ணனையும் என்னையும் இதில் இறக்கியது. கூடத்தில் கேமரா, கொல்லைக் கதவில் காந்த உணரி, நடையில் உடல்வெப்பத்தின் அசைவை அறியும் உணரி. கேமராவின் ஃப்ரிகேட் மென்பொருளை உணரிகளோடு ஹோம் அசிஸ்டன்ட் வழியே இணைத்தோம். இரண்டுக்கும் இடையே செய்தி சுமந்தது எம்க்யூடிடி. எண்ணெய்க் குழாய்களைத் தொலைவிலிருந்து கண்காணிக்க 1999இல் உருவான நெறிமுறை. கதவு திறந்தால் பதிவு தொடங்கும். காலை ஏழுவரை நடையில் அசைவில்லையெனில் எங்கள் கைபேசிகள் ஒலிக்கும். எல்லாம் பிசகின்றி இயங்கின.

சில வாரங்கள் கழித்தே ஒன்றைக் கவனித்தோம். அம்மா கூடத்தில் கால்நீட்டி உட்காருவதை விட்டிருந்தாள். தலையைக்கூட உள்ளறையில் போய்த்தான் வாரிக்கொண்டாள். கேட்டதற்கு, "யாரோ வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்குடா" என்றாள்.

காவல் என்று நாங்கள் நினைத்தது அவளுக்கு ஓயாத விருந்தாளியாக இருந்திருக்கிறது. அடுத்தமுறை ஊருக்குச் சென்றபோது கேமராவைக் கழற்றிவிட்டோம். உணரிகள் மட்டும் இருக்கின்றன. விடியுமுன் ஐந்து மணிவாக்கில் கைபேசியில் ஒரு வரி வரும்: 'கொல்லைக் கதவு திறந்தது.' கிணற்றடிக்குப் போகிறாள். அவரவர் ஊரில் அதை வாசித்துவிட்டு நாங்கள் மறுபடி உறங்குகிறோம்.