பத்து வயதும் ஒரு தட்டுச் சோறும்

குழந்தை எந்த நாளில் குழந்தையாக இருப்பதை விட்டுவிடுகிறது? பெற்றவளைக் கேட்டால், "எந்நாளும் இல்லை" என்பாள். சட்டத்தைக் கேட்டால் பதினெட்டு வயது என்று சொல்லும். பேருந்து நடத்துநரைக் கேட்டால் அவர் கணக்கு வேறு. நம் மாநில அரசுப் பேருந்துகளில் 2022 முதல் ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குக் கட்டணம் இல்லை. அதன்பின் பன்னிரண்டு வரை அரைச்சீட்டு. இரயிலிலும் ஐந்து முதல் பன்னிரண்டுக்குள் இருப்பவர்களுக்கு அரைக் கட்டணந்தான்; ஆனால் குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் 2016 ஏப்ரல் 21 முதல் முழுக் கட்டணம் செலுத்தவேண்டும்.

இவையெல்லாம் பயணத்துக்கான கணக்குகள். சோற்றுக்கும் வயதுக் கணக்கு உண்டு என்பது நம் பாட்டன் பாட்டிமார் அறியாத செய்தி. நம் திருமணப் பந்தியில் குழந்தை தாயின் அருகில் அமர்ந்துவிட்டால் அதற்கும் ஓர் இலை விழுகிறது. பரிமாறுபவர் அதன் வயதைக் கேட்பதில்லை. உணவு விடுதியில் "அளவுச் சாப்பாடு", "முழுச் சாப்பாடு" என்று இரண்டு உண்டு. பசித்தவர் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். வயதைப் பார்த்துத் தட்டை வைக்கும் வழக்கம் உல்லாசப் பூங்காக்களோடும், அவற்றை ஒட்டிய தங்கும் விடுதிகளோடும் நம்மிடம் வந்து சேர்ந்தது.

இதன் பெரிய முன்மாதிரி அமெரிக்காவில் இருக்கிறது. ஃபுளோரிடா மாநிலத்தில் 1971 அக்டோபர் 1ஆம் நாள் திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி வேர்ல்டு என்னும் உல்லாச நகரில், தங்குவோர் உணவுக்கும் சேர்த்து முன்பணம் கட்டும் திட்டம் 2005இல் தொடங்கியது. பெருந்தொற்றினால் 2020இல் நிறுத்தப்பட்டு, 2024 ஜனவரியில் அது திரும்பவும் நடைமுறைக்கு வந்தது. அங்கே மூன்று முதல் ஒன்பது வயது வரை உள்ளோர் குழந்தைகள். பத்து வயது ஆனால் பெரியவர். மூன்று வயது ஆகாத குழந்தைக்குத் திட்டத்தில் இடமே இல்லை. பெற்றோர் தட்டிலிருந்து ஊட்டிக்கொள்ளலாம். அதே நிறுவனத்தின் பெயர் தாங்கி 1983இல் தோக்கியோவிலும் 1992இல் பாரிசுக்கு அருகிலும் திறக்கப்பட்ட பூங்காக்களிலோ, பதினொரு வயது வரை குழந்தைதான். ஆக, பதினொரு வயதுப் பிள்ளை ஒருவன் பாரிசில் குழந்தையாக விமானம் ஏறி, ஃபுளோரிடாவில் பெரியவனாக இறங்குகிறான்! இடையில் அவன் வயிறு வளர்ந்துவிடவில்லை. மேசைமேல் இருந்த விதி மாறிற்று, அவ்வளவே.

அவ்வளவு தொலைவு போகாமலே இதை நேரில் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நெய்வேலி நகரியத்தில் பணிபுரியும் என் மகன், கடந்த கோடை விடுமுறையில், நெல்லிக்குப்பத்தில் தனியே இருக்கும் என்னையும் அழைத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் உள்ள ஓர் உல்லாச விடுதிக்குக் குடும்பத்தோடு புறப்பட்டான். இரண்டு இரவு தங்கல். மூன்று வேளையும் உணவு உண்டு. மூத்த பேத்திக்குப் பத்து வயது முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பேரனுக்கு ஏழு. கடைக்குட்டிக்கு இரண்டு.

விடுதியார் அனுப்பிய தாளில் விதிகள் தெளிவாக இருந்தன. மூன்று வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை, தட்டும் இல்லை. மூன்று முதல் ஒன்பது வரை பாதிக் கட்டணம், சிறுவர் உணவு. பத்து முதல் முழுக் கட்டணம். அதைப் படித்த உறவினர் ஒருவர், வேனில் ஏறும்போதே என் மகனிடம், "ரெண்டு மாசந்தானே ஆச்சு, ஒன்பதுன்னு சொல்லிடுப்பா. யார் பார்க்கப் போறாங்க?" என்றார். அவர் தீய மனிதர் அல்லர். பிறர் பணம் வீணாகக்கூடாது என்று எண்ணும் நல்லவர். ஆனால் பேத்தி சன்னலோரத்தில் அமர்ந்து அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

விடுதியின் முகப்பு மேசையில் இருந்த இளைஞர் என் மகனைக் கேட்கவில்லை. குனிந்து சிறுமியையே கேட்டார்: "பாப்பா, உனக்கு என்ன வயசு?" அவள் வாய் திறக்கவில்லை. தன் தந்தையின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். ஒரு நொடிதான். ஆனால் அந்த நொடியில் அவள் எதிர்பார்த்தது வயதைப் பற்றிய விடையன்று. எது உண்மை, எது வசதி, வீட்டில் எது பெரிது என்பதற்கான விடையை. என் மகன், "பத்து முடிஞ்சிடுச்சு, சார்" என்றான். கூடுதலாகக் கட்டவேண்டிய தொகையைக் கட்டினான். அது அவனுக்கு எளிய தொகை அன்று.

சாப்பாட்டுக் கூடத்தில்தான் விதியின் மறுபக்கம் தெரிந்தது. முழுக் கட்டணம் செலுத்திய பேத்தி, பறவை கொத்துவதுபோல் உண்பவள். இரண்டு இட்டிலியோடு எழுந்துவிட்டாள். பாதிக் கட்டணப் பேரனுக்கோ நாள் முழுதும் தண்ணீரில் ஆடிய பசி. அவனுக்கு வந்தது வண்ணத் தட்டில் உருளைக்கிழங்கு வறுவலும், ஒரு பிடி நூடுல்சும், சிறு கிண்ணத்தில் ஐஸ்கிரீமும். "ஆயா, எனக்குச் சோறும் சாம்பாரும் வேணும்" என்றான். பரிமாறுபவர், "அது பெரியவங்க வரிசைம்மா. சின்னவங்களுக்கு இதுதான்" என்றார். பேத்தி தன் தட்டைத் தம்பி பக்கம் நகர்த்தினாள். அதற்கும் சுவரில் விதி எழுதியிருந்தது: தட்டைப் பகிர்ந்து உண்ணுதல் கூடாது!

தம்பிக்குத் தன் சோற்றைத் தருவது குற்றம் என்று எழுதியதை அந்தப் பெண் இரண்டு முறை படித்தாள். நான் எழுந்து சமையற்கட்டின் வாயிலுக்குப் போய், வயதான ஒரு சமையற்காரரிடம் செய்தியைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு கிண்ணம் சோறும் சாம்பாரும் கொண்டுவந்து பேரன் முன் வைத்தார். "குழந்தை சோறு கேட்டா இல்லேன்னு சொல்ல வாய் வருமாம்மா?" என்று மட்டும் கூறிவிட்டுப் போனார்.

விதிகளே வேண்டா என்று நான் கூறவில்லை. ஆயிரம் பேர் உண்ணும் கூடத்தில் ஒவ்வொரு வயிற்றையும் நிறுத்துப் பார்க்க முடியாது. வயது எளிய அளவுகோல். சான்றிதழ் காட்டலாம், சண்டை குறையும். ஒரு தட்டுக்குப் பணம் கட்டி நால்வர் உண்ணும் வழக்கம் இருந்ததால்தான் பகிரக்கூடாது என்ற விதியும் பிறந்திருக்கும். கேளிக்கைப் பூங்காக்கள் சில, வயதைக் கேட்டால் பொய் வருமென்று கண்டு, சுவரில் கோடு போட்டு உயரத்தை அளக்கின்றன. அங்கேயும் முழங்காலை மடக்கி நில் என்று பிள்ளைக்குச் சொல்லித்தரும் பெற்றோர் உண்டு! நாம் சேமிப்பது சில நூறு ரூபாய். பிள்ளை கற்றுக்கொள்வதோ, தன் உயரத்தையே குறைத்துக்கொள்ளும் வித்தை.

வயதைப் பார்த்துச் சோறிடும் வேறொரு விதியோடு என் வாழ்நாளில் பெரும்பகுதி கழிந்தது. நெல்லிக்குப்பத்தை அடுத்த ஒரு சிற்றூர்த் தொடக்கப்பள்ளியில் நான் ஆசிரியையாக இருந்தேன். ஏழைப் பிள்ளைக்குப் பள்ளியிலேயே சோறு என்னும் எண்ணம் நம் மாநிலத்தில் நூறாண்டைக் கடந்தது. 1920இல் சென்னை மாநகராட்சியின் தலைவராயிருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் அதைத் தொடங்கினார். 1956இல் காமராசர் முதலமைச்சராயிருந்தபோது அது மாநிலமெங்கும் பரவிற்று. 1982 ஜூலை 1ஆம் நாள் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தை ஊர்ப்புறங்களில் தொடங்கியது. செப்டம்பர் 15 முதல் நகரங்களுக்கும் அது விரிந்தது.

அந்தத் திட்டத்திலும் ஒரு வயது வரம்பு இருந்தது. அங்கன்வாடியில் இரண்டு வயது முதல், தொடக்கப்பள்ளியில் ஒன்பது வயது வரை. ஆம், அதே ஒன்பது! எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போன அக்காளுக்குச் சோறு இல்லை. மூன்றாம் வகுப்புத் தங்கைக்கு உண்டு. தங்கைமார் சிலர் பாதியை உண்டு, மீதியைத் தூக்குவாளி மூடியில் மறைத்து வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். பரிமாறிய அம்மா அறிவார், நாங்களும் அறிவோம். பத்து வயதானதும் பசி போய்விடுவதில்லை என்பதை அந்த மூடிகள் எங்களுக்கு நாள்தோறும் உணர்த்தின.

ஆனால் அந்த விதி அப்படியே நின்றுவிடவில்லை. 1984 செப்டம்பரில் பத்து முதல் பதினைந்து வயது வரை உள்ள மாணவருக்கும் சோறு வந்தது. பின்னர் முட்டை சேர்ந்தது. 2010 முதல் வாரத்தில் ஐந்து நாளும் முட்டை. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம். 2001 நவம்பர் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் நாடெங்கும் பள்ளிகளில் சமைத்த உணவு தரவேண்டும் என்று ஆணையிட்டது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவும் தொடங்கியது. 2023இல் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும், 2024இல் ஊர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. நம் பங்குகளைச் சார்ந்த பள்ளிகள் பலவற்றிலும் இன்று காலையில் அடுப்பின் மணம் வீசுகிறது.

இந்தத் திட்டத்தில் வயதுக்கு என்ன வேலை என்பதைப் பாருங்கள். 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், தொடக்க வகுப்புப் பிள்ளையின் மதிய உணவில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும், ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் இருக்கவேண்டும் என்றது. தானிய அளவு முன்னவர்க்கு 100 கிராம், பின்னவர்க்கு 150. வயது கூடினால் அங்கே சோறு கூடுகிறது. விடுதியிலோ வயது கூடினால் விலை கூடுகிறது. பிள்ளையின் வயதைக் கேட்கும் இருவரில் ஒருவர் கையில் அகப்பை இருக்கிறது. மற்றவர் கையில் இரசீதுப் புத்தகம் இருக்கிறது. இதுதான் நான் கண்ட வேற்றுமை.

நம் திருச்சபையும் உணவில் வயதைப் பார்க்கிறது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, இறைச்சி விலக்கும் கடமை பதினான்கு வயது முடிந்தோர்க்கே. ஒருசந்திக் கடமை பதினெட்டு முடிந்தது முதல் அறுபதாம் வயது தொடங்கும் வரையே. வளரும் பிள்ளையையும் தளர்ந்த முதியவரையும் அந்த விதி விட்டுவிடுகிறது. விதி எளியவரின் சுமையைக் குறைத்தால் அதற்கு வயதைக் கேட்கும் உரிமை உண்டு.

அன்று இரவு பேத்தி என்னருகில் படுத்திருந்தபோது மெல்லக் கேட்டாள்: "ஆயா, அப்பா ஒன்பதுன்னு சொல்லியிருந்தா, நான் என்ன சொல்லியிருக்கணும்?" பத்து வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து இதைவிடக் கனமான கேள்வி வர இயலுமா? அப்பாவை நம்புவதா, உண்மையை நம்புவதா என்று தேர்ந்தெடுக்கும் நிலைக்கு ஒரு குழந்தையை நிறுத்துவது எவ்வளவு கொடுமை! "உங்க அப்பா உன்னை அந்த இடத்தில் நிக்க வைக்கமாட்டார், கண்ணே" என்றேன். அவள் உறங்கிவிட்டாள். எனக்குத்தான் நெடுநேரம் உறக்கம் வரவில்லை. அந்த விடையை என்னால் சொல்ல முடிந்தது, பகலில் அவன் கட்டிய அந்தத் தொகையினால் அன்றோ?

ஆகவே, விடுமுறைக்குப் பிள்ளைகளோடு புறப்படும் பெற்றோருக்கு ஒரு முதிய ஆசிரியையின் சில சொற்கள். பணம் கட்டுமுன் உணவு விதிகளை முழுவதும் படியுங்கள். குழந்தையின் வயது, முன்பதிவு செய்யும் நாளில் பார்க்கப்படுமா, போய்ச் சேரும் நாளில் பார்க்கப்படுமா என்று கேளுங்கள். இடையில் ஒரு பிறந்தநாள் வந்துவிடலாம். சிறுவர் உணவில் சோறு உண்டா, இட்டிலி உண்டா என்றும் கேளுங்கள். கட்டணம் தாங்காவிட்டால் உணவில்லாத் திட்டத்தை எடுத்துக்கொண்டு, வெளியே எளிய கடையில் உண்ணுங்கள். அதில் இழிவு இல்லை. விதி அநீதியாகத் தோன்றினால் பொறுப்பாளரிடம் நேரே, பணிவாகச் சொல்லுங்கள். கேட்டால் கிடைக்கும் நன்மைகள் பல, கேளாமையால் கிடைக்காமற் போகின்றன. கட்டணம் கட்டிவிட்டோம் என்பதற்காகத் தட்டை நிரப்பி வீணாக்கப் பிள்ளைகளைப் பழக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, "பாப்பா, உனக்கு என்ன வயசு?" என்று யாரேனும் கேட்கும்போது, உங்கள் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்காமல் விடை சொல்லும்படி வளர்த்துவிடுங்கள். அந்தத் துணிவுக்கு நாம் செலுத்தும் விலை சில நூறு ரூபாயாக இருந்தால், அதைவிட மலிவான கல்வி எந்தப் பள்ளியிலும் கிடையாது.