முழங்காலும் முறிகண்டியும்

வலது முழங்காலிற் சத்திரசிகிச்சை நடந்து 5ஆம் வாரம். பெறாமகளின் திருமணத்துக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்குச் செல்ல வேண்டியிருந்தது. காரை நாமே ஓட்டலாமென எண்ணினோம், வைத்தியர் இசையவில்லை.

"அவசரத்தில் பிரேக்கை மிதிப்பது அந்தக் கால்தானே? வலியால் அது ஒரு கணம் தயங்கினால்?" என்றார்.

30 ஆண்டுகள் சாரதியாயிருந்த நாம் மனைவிக்கு இடம்விட்டோம். முன்னாசனத்தைப் பின்தள்ளி, முதலில் அமர்ந்து, பின்னரே கால்களை ஒருங்கே உள்ளே எடுக்கும் வித்தையையும் கற்றோம். கணுக்காலை அடிக்கடி அசைத்தல் வேண்டும். மணிக்கொருமுறை இறங்கி நடத்தல் வேண்டும். நெடுநேரம் அசையாத காலில் இரத்தம் உறைந்துவிடக்கூடும்.

ஆனையிறவில் இறங்கினோம். எத்தனை முறை இவ்வழி ஓட்டியிருப்போம்! அப்போதெல்லாம் வீதியையன்றி வேறொன்றையும் கண்டிலோம். இன்றோ இருமருங்கும் கடனீரேரி விரிந்து கிடந்தது. உப்புக் காற்று முகத்தைத் தழுவியது.

அடுத்தது முறிகண்டி. பிள்ளையாரை வணங்காது இவ்வழி செல்வோர் அரியர். ஊன்றுகோலுடன் சந்நிதிவரை நடந்தோம். தேங்காயை உடைக்கக் குனிந்தால் முழங்கால் இணங்கவில்லை. கண் கலங்கிற்று.

"இஞ்சாருங்கோ, ஆர் உடைச்சாலும் பிள்ளையாருக்கு ஒண்டுதான்," என்று கூறி மனைவி வாங்கி உடைத்தார். தேங்காய் சரிபாதியாகப் பிளந்தது. கச்சான் சுருளை எமது கையில் தந்துவிட்டு மீண்டும் சாரதி ஆசனத்தில் அமர்ந்தார்.

வவுனியாவில் இறங்கியபோது கால் வீங்கியிருக்கவில்லை. எமது கர்வந்தான் சற்று வற்றியிருந்தது.