எந்த மேப்பிளை எரிப்பது?

வெர்மான்ட், அக்டோபர்

அன்புள்ள நண்பா,

இலை பழுக்கும் காலத்தில் இங்கே வந்து சேர்ந்திருக்கிறேன். மலைச்சரிவு முழுக்கச் சிவப்பும் ஆரஞ்சுமாக இருக்கிறது. அதைப் பார்க்கக் கார்கள் வரிசை கட்டி வருகின்றன. நான் தங்கியிருக்கும் வீட்டுப் பெரியவருக்கு இது வேறு வேலைக்கான காலம். குளிர்காலத்தில் எந்த மேப்பிளை விறகுக்கு வெட்டலாம், எதில் கை வைக்கவே கூடாது என்பதை இலை இருக்கும்போதே முடிவுசெய்து, வெட்ட வேண்டிய மரங்களில் நாடா கட்டிவிடுகிறார். நானும் அவர் பின்னாலேயே காட்டுக்குள் போய்வருகிறேன்.

மேப்பிளின் கிளைகளும் இலைகளும் எதிரெதிரே ஜோடியாக முளைக்கும். பக்கத்திலேயே நிற்கும் ஓக், பீச், பர்ச் மரங்களில் அவை மாறி மாறி முளைத்திருக்கும். ஆகவே முதலில் கிளையைத்தான் பார்க்க வேண்டும். அடுத்தது இலை. சர்க்கரை மேப்பிளின் இலைக்கு ஐந்து மடல். விளிம்பு வழவழவென்றிருக்கும், மடல்களுக்கு இடையிலான பள்ளம் வளைவாக இறங்கும். சிவப்பு மேப்பிளுக்குப் பெரும்பாலும் மூன்று மடல்தான். விளிம்பெல்லாம் ரம்பப் பல், பள்ளம் கூர்மையாக இறங்கும். ஆற்றோரத் தாழ்நிலங்களில் வெள்ளி மேப்பிள் நிற்கிறது. ஆழமாகக் கிழித்துவிட்டாற்போன்ற அதன் இலை காற்றில் திரும்பும்போது அடிப்புறம் வெள்ளையாகப் பளிச்சிடும்.

ஆளை ஏமாற்றுவது நார்வே மேப்பிள்தான். ஐரோப்பாவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்து தெருவோரம் நட்டது, இன்று காட்டுக்குள்ளும் பரவிவிட்டது. இலையைப் பார்த்தால் அச்சு அசல் சர்க்கரை மேப்பிள். காம்பைக் கிள்ளினால் பால் வடியும், அதிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். பக்கத்து மாநிலங்களான மாசசூசெட்ஸும் நியூ ஹாம்ப்ஷயரும் இதன் விற்பனையையே தடைசெய்திருக்கின்றன.

இலை உதிர்ந்தபின் மொட்டுதான் துணை. நேற்று பெரியவர் இரண்டு சுள்ளிகளை என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்றின் நுனி மொட்டு பழுப்பு நிறத்தில் ஒல்லியாக, விரலில் குத்துமளவுக்குக் கூராக இருந்தது. உருப்பெருக்கியில் பார்த்தால் செதில்மேல் செதிலாக நெருக்கமான அடுக்கு. அது சர்க்கரை மேப்பிள். மற்றதன் மொட்டுகள் சிவந்து, உருண்டு, கொத்தாக இருந்தன. அது சிவப்பு மேப்பிள். கடும் பனியிலும் இந்த அடையாளம் மாறாது.

அடையாளத்தில் இவ்வளவு கவனம் எதற்கு என்பது அடுப்பங்கரையில் புரிகிறது. சர்க்கரை மேப்பிளை இங்கே ஹார்ட் மேப்பிள் என்கிறார்கள். சிவப்பும் வெள்ளியும் சாஃப்ட் மேப்பிள். விறகை விற்பதும் வாங்குவதும் கார்டு கணக்கில்: 8 அடி நீளம், 4 அடி உயரம், 4 அடி அகலம் கொண்ட அடுக்கு. காய்ந்த ஹார்ட் மேப்பிள் ஒரு கார்டு ஏறக்குறைய 24 மில்லியன் பி.டி.யூ. வெப்பம் தரும். சிவப்பு மேப்பிள் தருவது 18, 19 மில்லியன்தான். ராத்திரி அடுப்பில் போட்ட கட்டை விடியும்வரை தணலாகக் கிடக்குமா, நள்ளிரவில் எழுந்து இன்னொன்று போட வேண்டுமா என்பதை இந்த வித்தியாசமே தீர்மானிக்கிறது. சவுக்கு எரித்துப் பழகிய வீட்டுக்காரரிடம் முருங்கைக் கட்டையைக் கொடுத்தால் என்ன சொல்வார் என்று உனக்குத் தெரியும்.

அப்படியானால் சர்க்கரை மேப்பிளைத்தானே வெட்ட வேண்டும்? அங்கேதான் எனக்கு இந்த மனிதர்கள்மேல் மதிப்பு கூடியது. நல்ல சர்க்கரை மேப்பிளை இவர்கள் எரிப்பதில்லை. விதையிலிருந்து வளர்ந்து, சாறெடுக்கத் துளையிடும் பருமனை எட்ட அதற்கு ஏறக்குறைய 40 ஆண்டு ஆகும். இரவில் உறைந்து பகலில் உருகும் முன்வசந்த நாட்களில் அதில் சாறு இறங்கும். 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு. சிறிய காய்ச்சுக் கொட்டகைகளில் இன்றும் விறகுத் தீதான். நெடுநெடுவென நேராக வளர்ந்த அடிமரமோ பலகையாகிக் கூடைப்பந்து மைதானத் தளமாகப் போகிறது.

எனவே நாடா விழுவது கோணல் மரத்துக்கும், அடியில் பொந்து விழுந்ததற்கும், நல்ல மரத்தின் தலையை நெருக்கி நிற்கும் சிவப்பு மேப்பிளுக்கும். நெருக்குவது போனால் நிற்கும் மரத்தின் தலை விரியும். தலை விரிந்த மரத்தின் சாற்றில் இனிப்பு கூடும். வெட்டிய மரம் அந்தச் சாற்றையே காய்ச்சும் அடுப்புக்குப் போகும். பார்க்கப் பார்க்க அலுக்காத கணக்கு இது.

வெட்டிய கையோடு பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கவாட்டில் காற்றாட அடுக்கிவிட வேண்டும். ஹார்ட் மேப்பிள் இரண்டு கோடை கண்டால் உத்தமம். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். காய்ந்த கட்டைகள் இரண்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். ஈரக்கட்டை மொத்தென்று சொல்லும். ஈர விறகின் புகை புகைபோக்கிக்குள் தாராகப் படிந்து ஒருநாள் தீப்பற்றும். குளிர்தேச வீடுகளில் இது பெரிய பயம்.

இன்னொரு பயமும் உண்டு. ஆசிய நெடுங்கொம்பு வண்டு மேப்பிள் தண்டைத் துளைத்து மரத்தையே கொல்லும். 2008-இல் மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரில் அது கண்டுபிடிக்கப்பட்டு, 30,000-க்கும் மேற்பட்ட மரங்களை வெட்ட வேண்டியதாயிற்று. நிழல் தந்த தெருக்கள் மொட்டையாயின. அதன் புழு விறகுக்குள் ஒளிந்தே ஊர்விட்டு ஊர் போகும். அதனால் பக்குவப்படுத்தாத விறகை வெளிமாநிலத்திலிருந்து வெர்மான்ட்டுக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது. முகாமிட வருகிற உறவினர்களிடமும் பெரியவர் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறார்: விறகை இங்கேயே வாங்குங்கள், மிச்சத்தை இங்கேயே எரித்துவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
உன் நண்பன்