மறுபடியும் களத்துல கோலாட்டம்

சித்திரை பௌர்ணமிக்கு நம்ம ஊர் நெல் களத்துல கோலாட்டம் வச்சோம். பிசான அறுவடை முடிஞ்சு களம் சும்மா கிடந்த நேரம். ஆடத் தெரிஞ்சவங்க நாலு பேர், தெரியாதவங்க இருபத்தொன்பது பேர். அடுத்தது எப்போன்னு பிள்ளைகள் நச்சரிக்கிறதால இப்போ அந்த வேலையிலதான் இருக்கேன்.

நாள் குறிக்கிறதே பெரும்பாடு. வைகாசி பௌர்ணமிக்கு வைக்கலாம்னா விசாகத்தை ஒட்டி வரும், பாதி ஊர் திருச்செந்தூருக்கு நடந்துரும். அதுக்கு முந்தி ஆழ்வார்திருநகரியில ஒன்பது கருட சேவை. தள்ளிப்போட்டா கார் சாகுபடிக்குத் தண்ணி வந்துரும், நாற்றங்காலை விட்டுட்டு எவன் ஆட வருவான்? கடைசியில விசாகம் கழிஞ்ச சனிக்கிழமைன்னு முடிவாச்சு.

ஏன் கோலாட்டம்னு கேட்டாங்க. நம்ம மாவட்டத்துல ஜமீன் கோடங்கிபட்டி தேவராட்டத்துக்குப் பேர்போனது. ஆனா அது பழகின கால்களுக்கு. உறுமிச் சத்தம் கேட்டதும் கால் தன்னால போகணும். கோலாட்டத்துல நாலு தட்டு தெரிஞ்சாப் போதும், உள்ளே வந்துரலாம்.

போன தடவை குச்சி பத்தலைன்னு, மோட்டார் லைனுக்கு வாங்கி மிஞ்சின பிவிசி பைப்பை அறுத்துக் கொடுத்தேன். அது போட்ட சத்தத்துல சொல்லிக்கொடுக்க வந்த ஆச்சி காதைப் பொத்திக்கிட்டாங்க. இந்தத் தடவை கருவேலங்கம்புதான். முக்கால் முழம் அளவுக்கு வெட்டி, பட்டை சீவி, காய வச்சிருக்கேன். ஆச்சியும் ஒரே ராத்திரியில மூணு வகை சொல்லிக் கொடுத்தாங்க, எல்லாருக்கும் குழம்பிப் போச்சு. இந்தத் தடவை ஒண்ணே ஒண்ணு. உள்வட்டம் ஒரு திசையில நகரும், வெளிவட்டம் அதுக்கு எதிர்த்திசையில. எட்டு எண்ணிக்கைக்கு ஒருக்க எதிராள் மாறும். ஒரு சுத்து முடியும்போது உள்ளே நிக்கிறவன் வெளியே நிக்கிற எல்லார் கோலையும் தட்டியிருப்பான்.

அங்கேதான் போன தடவை ஆட்டம் நின்னது.

ஜோடிக்கு ஒரு ஆள் குறையுதுன்னு என்னையும் உள்வட்டத்துல இழுத்து விட்டாங்க. அஞ்சாவது மாத்தத்துல எதிர்ல பக்கத்து வயல் அண்ணாச்சி. 2023 டிசம்பர் வெள்ளத்துல எங்க ரெண்டு பேர் வயலுக்கும் நடுவுல இருந்த வரப்பு போயி, மணல் ஏறி, எல்லைக்கல்லும் எங்கேன்னு தெரியாமப் போச்சு. மணலை அள்ளிட்டு நான்தான் வரப்பு போட்டேன். கண்ணளவுதான், ஒரு அடி அவங்க பக்கம் போயிருந்தாலும் போயிருக்கும். அன்னையிலிருந்து பேச்சு இல்ல. நான் கோலை நீட்டினேன். அண்ணாச்சி கோலைக் கீழ போட்டுட்டு வேட்டியை மடிச்சுக் கட்டி நடந்துட்டாங்க. வட்டமே குலைஞ்சு போச்சு. பிள்ளைகள் எங்க மூஞ்சியப் பார்த்துக்கிட்டு நின்னுச்சு.

போன வாரம் ஆச்சிகிட்ட யோசனை கேட்டேன். "ரெண்டு பேரையும் உள்வட்டத்துலயே நிறுத்திருல. ஒருத்தரை ஒருத்தர் தட்டவே வேண்டாம்"னாங்க. கணக்குக்கு அது சரி. எனக்குத்தான் மனசு ஒப்பல. அதுக்காக ஆட்டத்தை இன்னொரு தடவை கெடுக்கவும் முடியாது.

நேத்து அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். மைனி தண்ணி கொடுத்தாங்க. சர்வேயரை வரச்சொல்லி அளந்துருவோம், பணம் நான் கட்டுதேன், தப்பா இருந்தா வரப்பை நானே வெட்டி மாத்துதேன்னு முதல்ல சொன்னேன். அண்ணாச்சி தலையை மட்டும் ஆட்டினாங்க. அப்புறம் சனிக்கிழமை விஷயத்தைச் சொல்லி, ஆச்சி சொன்ன உள்வட்ட யோசனையையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்ல. எந்திரிச்சு வாசலுக்கு வந்தப்புறம், "நான் போன தடவை நின்ன எடத்துலயே நிக்கேன். நீ எதுல நிக்க?"ன்னாங்க.

"உள்ளதான் அண்ணாச்சி"ன்னேன்.

"குச்சி கனமா இருக்கட்டும்"னு சொல்லிட்டு உள்ளே போயிட்டாங்க. இன்னும் பதினாறு குச்சி சீவணும்.