சந்தா பாக்கி

போன வாரம் எங்க வீட்டுல பரண் சுத்தம் பண்ற படலம். பழைய தகரப்பெட்டி ஒண்ணைக் கீழே இறக்கிட்டு, "இதுல இருக்கிற குப்பையை இன்னிக்காவது எடைக்குப் போடலாமா?"ன்னு தங்கமணி கேட்டாங்க. பெட்டிக்குள்ள ஒரு நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்துல என் கையெழுத்துல "சந்தாதாரர்கள் - 1988". அதைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துட்டேன். அப்புறம் எங்க எடைக்குப் போடறது?

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க.

அப்போ நாங்க மூணு பேர் பாளையங்கோட்டையில ஒரு சிற்றிதழ் நடத்தினோம். பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னா சந்தா கட்டினவங்க யாராவது தேடி வந்துடப் போறாங்க :-) ரெண்டு மாசத்துக்கு ஒரு இதழ், 32 பக்கம், தனிப் பிரதி 3 ரூபாய். வருஷச் சந்தா ஆறு இதழுக்கு 15 ரூபாய். ஈய எழுத்தைக் கையால கோத்து, ட்ரெடில் மெஷின்ல அடிக்கிற காலம். அச்சகத்து அண்ணாச்சி "பேப்பருக்கு மட்டும் முதல்ல துட்டைக் கொடுங்க, கூலி மெதுவா தாங்க"ன்னார். அந்தப் பேப்பர் காசுக்குத்தான் சந்தா சேர்க்கக் கிளம்பினோம்.

முதல் இதழ் 300 பிரதி. அதுல 100 பிரதியை பஸ் ஸ்டாண்ட் பக்கம் அஞ்சு கடையில போட்டோம். ஒரு மாசம் கழிச்சுப் போய்க் கேட்டா, ஒரு கடையில கட்டு பிரிக்காம அப்படியே இருக்கு. இன்னொரு கடையில ரெண்டு பிரதி வித்திருக்கு, ஆனா காசு "அப்புறமா வாங்க". மூணாவது கடையில டீ கிளாஸுக்கு அடியில எங்க தலையங்கம்! அந்த 100 பிரதியில கைக்கு வந்த காசை வச்சு மூணு பேரும் ஒரு வேளை டிபன் சாப்பிட்டிருக்கலாம். அவ்வளவுதான்.

நோட்டுல இருந்த 64 பேர் கதையே வேற. 64 பேர், 15 ரூபாய் வீதம் 960 ரூபாய். இதழே வெளிவராத நேரத்துல கொடுத்த காசு அது. அப்போ எங்களுக்கு அதோட அருமை தெரியலை. இப்போ யோசிச்சா தெரியுது. கடையில வாங்கறவர் புரட்டிப் பார்த்து, பிடிச்சிருந்தா வாங்குவார். சந்தா கட்டறவர் இன்னும் எழுதவே எழுதாத ஒண்ணுக்குக் காசு கொடுக்கிறார். அடுத்த வருஷமும் எழுதுவோம்னு நமக்கே நிச்சயமில்லாதப்போ, அவர் நிச்சயமா இருக்கார்.

இது பெரியவங்களுக்கும் இருந்த பாடுதான். 1906-ல் பாரதி ஆசிரியரா இருந்து வெளிவந்த 'இந்தியா' வாரப் பத்திரிகையோட சந்தா விவரம் ரொம்ப சுவாரஸ்யமானது. எல்லாருக்கும் ஒரே விலை கிடையாது. சாதாரண ஆளுக்கு வருஷம் 3 ரூபாய். மாசம் 200 ரூபாய்க்கு மேல வருமானம் உள்ளவங்களுக்கு 15. ராஜா, ஜமீன்தாருக்கு 30. கவர்ன்மெண்டுக்கு 50! தன்னைக் கண்காணிக்கப் போற சர்க்கார்கிட்டயே அதிகச் சந்தா கேட்ட குசும்பை நினைச்சு நினைச்சுச் சிரிக்கலாம். ஆனா அதே சர்க்கார் பத்திரிகையோட உயிர்நாடி எங்க இருக்குன்னு நல்லாத் தெரிஞ்சு வச்சிருந்தது. 1908-ல் பத்திரிகை புதுச்சேரிக்குப் போச்சு. அது பிரெஞ்சுக்காரன் ஊர், உள்ளே நுழைஞ்சு அச்சகத்தைப் பூட்ட முடியாது. அதனால பிரிட்டிஷ் இந்தியாவுக்குள்ள பத்திரிகை வரவிடாம தடுத்துட்டாங்க. வாசகர்கள் எல்லாம் இந்தப் பக்கம்தானே? 1910 மார்ச்சோட 'இந்தியா' நின்னு போச்சு.

பிற்காலத்துல கடையத்துல இருந்தப்போ பாரதி இன்னொரு முயற்சியும் பண்ணினார். 1920-ல் தன் எழுத்து எல்லாத்தையும் 40 புத்தகமாப் போடணும், ஒவ்வொண்ணும் பத்தாயிரம் பிரதி அச்சடிக்கணும்னு திட்டம். மண்ணெண்ணெய், தீப்பெட்டி மாதிரி விற்கும்னு நம்பினார். அதுக்காகக் கடன் கொடுங்கன்னு வேண்டுகோள் விட்டார். திட்டம் நடக்கலை. மறு வருஷம் ஆளே போயிட்டார். இன்னிக்கு எத்தனை வீட்டு அலமாரியில பாரதி இருக்கார்! முன்கூட்டியே நம்பிக் காசு கொடுக்க அன்னிக்குப் போதுமான ஆள் இல்லை.

சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில 'எழுத்து' ஆரம்பிச்சப்போ சந்தாதாரர்களை நம்பித்தான் இறங்கினார். திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவுல இருந்து 1970 வரைக்கும் 119 இதழ். தமிழ்ப் புதுக்கவிதைன்னு இன்னிக்கு நாம சொல்றது வேர் பிடிச்சது அங்கதான். புத்தக மூட்டையைத் தானே சுமந்துக்கிட்டு கல்லூரி கல்லூரியா விற்கப் போன மனுஷர் அவர். அந்த 119 இதழுக்கும் பின்னாடி, பேர் தெரியாத யார் யாரோ வருஷா வருஷம் மணியார்டர் ஃபாரம் நிரப்பியிருக்காங்க. இலக்கிய வரலாற்றுல அவங்களுக்குப் பக்கம் கிடையாது.

சரி, நம்ம கதைக்கு வருவோம். 119 எங்கே, நாங்க எங்கே? நாலு இதழோட எங்களுக்கு மூச்சு வாங்கிடுச்சு. ஒருத்தனுக்கு மாற்றல் வந்தது, ஒருத்தனுக்குக் கல்யாணம், எனக்குச் சோம்பேறித்தனம். சந்தாதாரர்களுக்கு ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். போடலை.

நோட்டுல 41-ம் நம்பர் ஒரு ரயில்வே கேட்கீப்பர். முகவரி, மேற்பார்வை ஸ்டேஷன் மாஸ்டர், கீழக்கடையம். அப்போ அது மீட்டர் கேஜ் லைன். ராத்திரி ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவுல, கேட் லாந்தர் வெளிச்சத்துல வாசிப்பேன்னு எழுதியிருந்தார். ஒவ்வொரு இதழ் போய்ச் சேர்ந்ததும் ஒரு கார்டு வரும். பாராட்டெல்லாம் இருக்காது. "பக்கம் 7, வரி 12. ஒருமை பன்மை இடிக்கிறது. பக்கம் 19-ல் கதை முடிந்த பிறகும் எழுதிக்கொண்டே போகிறீர்கள்." எனக்குக் கோபம் கோபமா வரும். ஏன்னா அந்தக் கதை என்னோடது :-( எங்க நாலு இதழையும் அட்டை முதல் அட்டை வரை படிச்ச ஒரே ஆள் அவர்தான்னு நினைக்கிறேன். நாங்க மூணு பேர் கூட அப்படிப் படிக்கலை.

இதழ் நின்னு அஞ்சாறு மாசம் இருக்கும். தபால்காரர் ஒரு மணியார்டர் கொண்டு வந்தார். 15 ரூபாய். அடியில இருந்த துண்டுல, "இரண்டாம் வருடச் சந்தா. சென்ற ஆண்டு நான்கு இதழ்கள் கிடைத்தன. மீதி இரண்டையும் சேர்த்து அனுப்பவும்."

கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டேன். திருப்பி அனுப்பணும்னு மனசுல ஓடினது உண்மை. "அடுத்த மாசம் எப்படியும் ஒரு இதழ் கொண்டு வந்துடுவோம்"னு எனக்கு நானே சொல்லிக்கிட்டதும் உண்மை. அந்தக் காசை எதுக்குச் செலவு பண்ணினேன்னு ஞாபகமே இல்லை. அதுதான் இத்தனை வருஷமா உறுத்துது. புத்தகம் வாங்கினேன், பசிக்குச் சாப்பிட்டேன்னு ஏதாவது சொல்ல முடிஞ்சா கூடப் பரவாயில்லை.

1994-ல் குற்றால சீசனுக்குப் போறப்போ கீழக்கடையத்துல இறங்கி, விசாரிச்சுக்கிட்டு அந்த கேட் வரைக்கும் நடந்து போனேன். பையில 30 ரூபாய் தனியா எடுத்து வச்சிருந்தேன். கேட்ல வேற ஆள். "அவரு ரிட்டயர்டு ஆகி மக வீட்டுக்குப் போயிட்டாரு தம்பி. எங்கன்னு தெரியாது"ன்னார். என்ன விஷயம்னு கேட்டார். புத்தகம் ஒண்ணு அனுப்ப வேண்டியிருந்ததுன்னு சொன்னேன். "ஓ, அதா? தபால்காரரைப் பார்க்கும்போதெல்லாம் புஸ்தகம் வந்திருக்கான்னு கேட்டுக்கிட்டே இருப்பாருல்லா"ன்னார். அந்த 30 ரூபாயோட திரும்பி வந்தேன். அருவியில குளிச்சது ஒண்ணும் ஞாபகமில்லை.

நோட்டை வச்சுக்கிட்டு நேத்து கணக்குப் போட்டேன். 64 பேருக்கு ரெண்டு இதழ் வீதம் 128. கேட்கீப்பருக்கு மட்டும் கூட ஆறு. ஆக 134 இதழ் பாக்கி. இதை எந்த ஜென்மத்துல அடைக்கிறது?

அசலை அடைக்க முடியாது, வட்டி மாதிரி ஒண்ணு கட்டிக்கிட்டிருக்கேன். வருஷத்துக்கு ரெண்டு சிற்றிதழுக்காவது சந்தா கட்டறேன். நின்னு போனா "என் மீதிக் காசு என்னாச்சு"ன்னு கேக்கறதில்லை. ஆனா சந்தா கட்டினா மட்டும் போதாது, படிக்கணும். படிச்சேன்னு அவங்களுக்குத் தெரியணும். அதைச் சொல்லிக் கொடுத்தது 41-ம் நம்பர்தான்.

போன மாசம் ஒரு இதழ் வந்தது. சின்னப் பசங்க நடத்தறாங்க. நல்லா இருந்தது. இன்னிக்குக் காலையில தபாலாபீஸ் போய் ஒரு கார்டு வாங்கிட்டு வந்து எழுதினேன்.

"பக்கம் 14, வரி 9. 'அரம்' இல்லை, 'அறம்'. அடுத்த இதழை எதிர்பார்க்கிறேன்."

பையன் திட்டுவான். திட்டட்டும்.